செம்பா அலுமினியமா? இரண்டாவது மேட்டில் மாட்டிக்கொண்டேன்

வணக்கம் அண்ணன், அக்கா எல்லாருக்கும். முதுகலை ஆய்வு மாணவன் நான், லீவுக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட் வந்திருக்கிறேன். செம்பனை மில்லின் கழிவுக் குளத்தில் சதா குமிழ் விடுகிறதே, அந்த மீத்தேனை மெத்தனாலாக மாற்ற முடியுமா என்பதுதான் என் ஆய்வு. வினையூக்கி, செம்பு ஏற்றிய இசட்எஸ்எம்-5 ஸியோலைட் (நுண்துளை நிறைந்த அலுமினோசிலிக்கேட்). ஈரமாக இருந்தால் வெளிர்நீலத் தூள், பார்க்கச் சலவைத்தூள் மாதிரி.

450 டிகிரியில் ஆக்சிஜன் ஓட்டிவிட்டு, சின்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ் கதிர் தரும் துகள் முடுக்கி) எக்ஸ் கதிர் உட்கவர் நிறமாலை எடுத்தோம். செம்பு எல்லாம் இரண்டாம் ஆக்சிஜனேற்ற நிலையில் (Cu²⁺) இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் 8983 எலெக்ட்ரான் வோல்ட் பக்கம் சின்னத் தோள் ஒன்று தெரிகிறது. அந்த இடத்தில் தோள் காட்டுவது முதலாம் நிலைச் செம்பு (Cu⁺). அது மிச்சம் இருக்கிறதா? நம்பவும் பயம். அந்த ஸ்கேனுக்கு மட்டும், ஆற்றல் அளவைச் சரிபார்க்க வைக்கும் செம்புத் தகட்டைக் கூடவே வைக்க மறந்துவிட்டேன் (விடிகாலை மூன்று மணி, தூக்கம்). ஆற்றல் அளவு இரண்டு எலெக்ட்ரான் வோல்ட் நகர்ந்திருந்தாலும் கதை மாறிவிடும். முந்தைய ஸ்கேனின் தகட்டை வைத்துச் சரிசெய்தால் ஏற்பார்களா?

பெரிய தலைவலி இஎக்ஸ்ஏஎஃப்எஸ்தான் (அதே நிறமாலையின் பிற்பகுதி அலைவுகள்; செம்பைச் சுற்றி எந்த அணு எவ்வளவு தூரத்தில் என்று சொல்லும்). ஆக்சிஜனுக்கு அடுத்து வரும் இரண்டாவது மேட்டுக்குப் பக்கத்துச் செம்பைப் போட்டாலும் பொருந்துகிறது, ஸியோலைட் சட்டகத்து அலுமினியத்தைப் போட்டாலும் பொருந்துகிறது. அண்டை அணு எண்ணிக்கையும் அணுத் தூரம் எவ்வளவு அலைகிறது என்று காட்டும் டிபை-வாலர் காரணியும் ஒன்றையொன்று இழுக்கின்றன. கனமான செம்பின் சிதறல் உயர் கே (ஒளியெலெக்ட்ரானின் அலை எண்) பக்கம் ஓங்குமாம், வேவ்லெட் உருமாற்றம் போட்டால் பிரியும் என்கிறார்கள். என் தரவோ கே 11 தாண்டினால் ஒரே இரைச்சல். கே 11-க்குள் வேவ்லெட் போட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அத்தீனா (நிறமாலைத் தரவு மென்பொருள்) கோப்பு தயார், கேட்டால் அனுப்புகிறேன். இன்டர்நெட் லைன் ஒட்டுக்கடைப் பக்கம்தான் கிடைக்கும், பதில் போட ராத்திரி ஆகலாம்.