கோக்குவுக்குக் குரல் கொடுப்பது ஒரு பாட்டியா?

கேள்வி (காட்பாடி):
என் பையன் 'டிராகன் பால்'ங்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடரை ஜப்பானிய மொழியிலேயே பார்க்கிறான். அதில் கோக்குதான் ஹீரோ. "கோக்குவா பேசுறது ஒரு பாட்டிப்பா"ன்னு நேத்து ராத்திரி சொன்னான். அந்தக் கத்தலா? நம்ப முடியலைங்க.

பதில் (ஆரணி):
உண்மைதாங்க. பெயர் மசாகோ நொசாவா. 1936-ல் டோக்கியோவில் பிறந்தவர். 1986-ல் தொடர் ஆரம்பித்தபோதே சின்னக் கோக்கு அவர்தான். பிறகு மகன்கள் கோஹான், கோட்டன் இரண்டு பேருக்கும் அவரே. அப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்வது ஒரே தொண்டையில்!

எனக்கு அதைவிடப் பெரிசாத் தெரிவது வேறு. 1968-ல் இன்னொரு கார்ட்டூன் தொடரில் கிடாரோ என்ற பேய்ச்சிறுவனாகப் பேசினார். 50 வருஷம் கழித்து, 2018-ல் வந்த புதுத் தொடரில் அதே கிடாரோவின் அப்பாவாகப் பேசினார். அந்த அப்பாவுக்குத் தலையே ஒரு கண்விழிதான், தெரியுமா?

பையனுக்குப் பையனையே பேச வைத்தால் சில வருஷத்தில் குரல் உடைந்துவிடும். அதனால்தான் அங்கே பெண்கள்.

பதில் (செய்யாறு):
எங்க பக்கம் கூத்தில் இது தலைகீழ். என் சித்தப்பா திரௌபதி வேஷம் கட்டுவார். விடிய விடியப் பாடி, துகில் உரியும்போது அவர் அலறினால் கிழவிகள் அழுவார்கள். மறுநாள் மிளகுப்பால்தான், ஒரு வார்த்தை பேசமாட்டார்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. இன்னைக்குப் பையன்கூட உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்டேன். ஆரணிக்காரர் ஒரே தொண்டைன்னு சொன்னாலும், அப்பனும் பிள்ளையும் வேற வேற ஆளாத்தான் கேக்குது.