அம்புக்குறியைத் தட்டினால் எக்செல் தாள் முழுவதும் நகர்கிறது. கீபோர்டு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடி பலகார ஆச்சி கேட்டது:

காரைக்குடியில் வீட்டோடு பலகாரம் செய்து விற்கிறேன். தேன்குழல், மனகோலம், சீப்புச்சீடை, அதிரசம், கைமுறுக்கு. புரட்டாசி பாதியிலேயே தீபாவளி ஆர்டர் தொடங்கிவிடும், தை பிறந்தால் கல்யாணச் சீர். பர்மாவில் கடை வைத்திருந்த ஐயா காலத்துப் பேரேடுகள் இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருக்கின்றன. வரவு எது, பற்று எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். கணக்கு தெரியும். இந்தப் பலகைதான் தெரியவில்லை.

மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது தன் கணினியை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். ஆர்டர்களை எக்செல்லில் எழுதுகிறேன்: தேதி, பெயர், ஊர், பலகாரம், எத்தனை கிலோ, தொகை. எல்லாவற்றையும் மவுஸைப் பிடித்தே செய்கிறேன். காலையெல்லாம் தேன்குழல் பிழிந்த மணிக்கட்டு, மாலையில் மவுஸை இழுக்க மறுக்கிறது. போனில் கேட்டால் மகன், "ஆத்தா, கண்ட்ரோலோடு இதைத் தட்டுங்கள், அதைத் தட்டுங்கள்" என்று வேகமாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான்.

இப்போது உள்ள தொல்லைகள். நேற்றிலிருந்து அம்புக்குறியைத் தட்டினால் கட்டம் மாறாமல் தாள் முழுவதும் மேலும் கீழும் போகிறது. வலது ஓரத்து எண்களில் தொகையை அடிக்கும்போது சில நாள் எண் விழுகிறது, சில நாள் விழாமல் எங்கோ தாவுகிறது. ஒரு முறை காசுக்குப் புள்ளி வைத்தேன், ஏற்கெனவே எழுதியிருந்த தொகையே காணாமல் போயிற்று. யோசிக்கும்போது ஷிப்ட்டைத் தட்டிக்கொண்டே இருப்பேன், உடனே ஏதோ ஒரு பெட்டி வந்து ஆம், இல்லை என்று கேட்கிறது. ஆம் சொல்லப் பயமாக இருக்கிறது.

எந்தெந்தப் பட்டனை முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்? கையில் பாதி நேரம் மாவு இருக்கும் என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் பிரவுசிங் சென்டர் எழுதியது:

ஆச்சி, அம்புக்குறிப் பிரச்சினைக்கு ஸ்க்ரோல் லாக் காரணம். கீபோர்டின் மேல் வரிசையில் வலப்பக்கம் இருக்கும், ஒரு தட்டுத் தட்டுங்கள், சரியாகிவிடும். அது இயங்கும்போது எக்செல் திரையின் அடிப்பக்கம் இடது ஓரத்தில் அதன் பெயர் எழுதியிருக்கும். அந்த விசை இல்லாத கீபோர்டாக இருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையிலேயே ஒரு கீபோர்டு வரும், அதில் அணைத்துக்கொள்ளலாம்.

மற்றபடி இவற்றை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். கண்ட்ரோலுடன் சி நகலெடுக்க, எக்ஸ் வெட்ட, வி ஒட்ட, இசட் செய்ததைத் திரும்பப் பெற, ஒய் மறுபடி செய்ய, எஸ் சேமிக்க, பி (P) அச்சிட, எஃப் தேட, ஏ முழுவதும் தேர்ந்தெடுக்க. ஆல்ட்டுடன் டேப் ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்கு. விண்டோஸுடன் வி அழுத்தினால் முன்பு நகலெடுத்தவை வரிசையாக வரும். முதல் முறை மட்டும் இயக்கட்டுமா என்று கேட்கும். விண்டோஸ், ஷிப்ட், எஸ் சேர்த்து அழுத்தினால் திரையில் வேண்டிய இடத்தை மட்டும் படம் எடுக்கலாம். வாடிக்கையாளருக்கு ரசீது அனுப்ப உதவும்.

தேவகோட்டை டைப்ரைட்டிங் எழுதியது:

ஆச்சிக்கு வணக்கம். தேவகோட்டையில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்தி ஓய்ந்தவன் நான். ரெமிங்டனும் ஃபேசிட்டும் போய்க் கணினி வந்த பிறகும் கொஞ்ச காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

பள்ளத்தூர்த் தம்பி சொன்னதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் பட்டியலை ஒட்டிவைத்துக் கற்றுக்கொண்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை. தாள் மஞ்சளாகும், கை மவுஸிலேயே இருக்கும். முதலில் எந்த விசை யாரிடம் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஐயா பர்மாக் கடையில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வேலை பிரிந்திருந்ததே, அப்படித்தான் இதுவும். விண்டோஸ் விசை கணினி முழுமைக்கும் கட்டளை இடுகிறது: டி (D) சேர்த்தால் எல்லாச் சாளரமும் ஒதுங்கும், எல் சேர்த்தால் திரை பூட்டிக்கொள்ளும், ஈ சேர்த்தால் கோப்புகள் திறக்கும். கண்ட்ரோல், அப்போது திறந்திருக்கும் மென்பொருளிடம் மட்டும் பேசுகிறது. ஆல்ட் மெனுவைத் திறப்பது. எக்செல்லில் ஆல்ட்டை ஒரு முறை தட்டிவிட்டுப் பாருங்கள், மேலே உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் எழுத்து முளைக்கும். அந்த எழுத்தை அடித்தால் அது திறக்கும், மனப்பாடமே வேண்டாம். ஷிப்ட் தனியாக ஒன்றும் செய்யாது. மற்றதை நீட்டும் அல்லது திருப்பும். அம்புக்குறியோடு சேர்த்தால் தேர்வு நீளும், டேப்போடு சேர்த்தால் பின்னால் போகும்.

டைப்ரைட்டரிலிருந்து வந்தது ஷிப்ட். 1874இல் விற்பனைக்கு வந்த முதல் ரெமிங்டன் இயந்திரத்தில் பெரிய எழுத்து மட்டும்தான். 1878இல் வந்த இரண்டாம் மாடலில்தான் ஷிப்ட் சேர்ந்தது. ஒரே சுத்தியலில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும். கண்ட்ரோலும் ஆல்ட்டும் எங்கள் இயந்திரத்தில் கிடையாது. அதனால்தான் டைப்ரைட்டிங் ஹையர் முடித்து வந்த பிள்ளைகள் கூட அந்த இரண்டையும் தொடத் தயங்குவார்கள்.

நீங்கள் பயந்த பெட்டி ஸ்டிக்கி கீஸ். ஷிப்ட்டை ஐந்து முறை தொடர்ந்து தட்டினால் வரும். இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்த முடியாதவர்களுக்காக வைத்த வசதி அது. ஆம் என்று சொல்லிவிட்டால் கண்ட்ரோலை அழுத்தி விட்டுவிடலாம், பிறகு சியை அழுத்தலாம், இரண்டும் சேர்ந்ததாகவே கணினி எடுத்துக்கொள்ளும். எல்லாரும் அதை அணைக்கச் சொல்வார்கள். ஒரு கை மாவில் இருக்கும் உங்களுக்கு அணைக்க வேண்டாம் என்பேன். வேண்டாதபோது இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வழக்கமாகத் தானே அணைந்துவிடும்.

இனி உங்கள் ஆர்டர் தாள். தேதிக் கட்டத்தில் நின்று கண்ட்ரோலுடன் செமிகோலன் அடியுங்கள், அன்றைய தேதி விழும். டேப் தட்டினால் பெயர், மறுபடி டேப் தட்டினால் ஊர், இப்படியே தொகை வரை போய் என்டர் தட்டுங்கள். கட்டம் அடுத்த வரிசையில் தேதிக்கே வந்து நிற்கும். மவுஸைத் தொடாமல் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டு போகலாம். நடுவில் அம்புக்குறியைத் தட்டினால் மட்டும் எங்கே தொடங்கினீர்கள் என்பதை எக்செல் மறந்துவிடும். மேலே உள்ள ஊரே இதற்கும் என்றால் கண்ட்ரோலுடன் டி, அதாவது எஸ்ஸுக்கும் எஃப்புக்கும் நடுவில் இருப்பது. மேல் கட்டத்தில் உள்ளது அப்படியே இறங்கிவிடும். தொகைப் பத்தியின் அடியில் நின்று ஆல்ட்டுடன் சமக்குறி அடித்து என்டர் தட்டினால் கூட்டிக் கொடுத்துவிடும்.

ஒரு கட்டத்தில் ஓர் எழுத்தை மட்டும் திருத்த வேண்டுமென்றால் நேராக அடிக்காதீர்கள், பழையது அழிந்துவிடும். எஃப் 2 தட்டுங்கள், கட்டத்துக்குள்ளேயே கர்சர் நிற்கும். பாதியில் மனம் மாறினால் எஸ்கேப். இவ்வளவும் கைக்குப் பழகிய பிறகு தம்பியின் பட்டியலுக்கு வாருங்கள்.

பள்ளத்தூர் பிரவுசிங் சென்டர் எழுதியது:

ஐயா, எங்கள் சென்டருக்கு வருகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பி முடிக்கக் கால் மணி நேரம்தான் இருக்கும். மேலாள் அடுத்தாள் கதை சொல்ல எனக்கு நேரம் ஏது? பட்டியல்தான் கொடுக்க முடியும். ஆனால் டேப், என்டர் விஷயம் எனக்கே புதிது. இன்று செய்து பார்த்தேன், வேலை செய்கிறது.

புதுவயல் மில் கணக்கு எழுதியது:

வலது ஓரத்து எண்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. அரிசி மில்லில் மூட்டைக் கணக்கு போடுகிறவன், என் நாளெல்லாம் அந்த மூலையில்தான் கழிகிறது.

ஆச்சி, அங்கே நம் லாக் (Num Lock) என்று ஒரு விசை இருக்கும். அது அணைந்திருந்தால் எண்கள் எண்களாக இருக்காது. 8, 2, 4, 6 நான்கும் அம்புக்குறி ஆகிவிடும், 7 ஹோம், 1 எண்டு. முக்கியமாகப் புள்ளி டெலீட் ஆகிவிடும். நீங்கள் காசுக்குப் புள்ளி வைத்தபோது தொகை போனது இதனால்தான். பல கீபோர்டுகளில் நம் லாக்குக்கு ஒரு சின்ன விளக்கு உண்டு. உட்காரும்போதே அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தொகை அழிந்துவிட்டால் பதறாமல் கண்ட்ரோலுடன் இசட்.

அடுத்தது, பார்க்காமல் அடிப்பது. 5 என்ற எண்ணைத் தடவிப் பாருங்கள், சிறு மேடு தட்டுப்படும். நடுவிரல் அங்கே, ஆள்காட்டி விரல் 4, மோதிர விரல் 6. மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் அதே விரல்கள் போய்வரும். கட்டை விரலுக்கு 0, சுண்டு விரலுக்கு என்டர். எழுத்துப் பக்கத்தில் எஃப்பிலும் ஜேயிலும் இதே மேடு இருக்கிறது, அதைத் தேவகோட்டை ஐயா சொல்வார். போனில் பழகிய விரலுக்கு முதலில் தடுமாறும், ஏனென்றால் போனில் 1 மேலே இருக்கிறது, இங்கே 7 மேலே. கால்குலேட்டர் வைத்திருந்தீர்கள் என்றால் பிரச்சினை இல்லை, அதுவும் இதே வரிசைதான்.

மாவுக் கைக்கு ஒன்று: கீபோர்டுக்குச் சிலிக்கோன் உறை கிடைக்கிறது. வாங்கும் முன் உங்கள் கீபோர்டின் அளவுக்குப் பொருந்துமா என்று பாருங்கள். மில்லில் தவிட்டுத் தூசிக்கு அதில்லாமல் நாங்கள் கீபோர்டு வைப்பதே இல்லை. உறை இல்லாதவரை கணினியை அணைத்துவிட்டுக் கீபோர்டைத் தலைகீழாகக் கவிழ்த்து மெதுவாகத் தட்டுங்கள். ஈரத் துணி மட்டும் வேண்டாம்.

காரைக்குடி பலகார ஆச்சி எழுதியது:

மூன்று பேருக்கும் நன்றி. ஸ்க்ரோல் லாக்கைத் தட்டினேன், அம்புக்குறி ஒழுங்காகிவிட்டது. நம் லாக் விளக்கு அணைந்துதான் இருந்தது. செமிகோலனில் தேதி விழுவதைப் பார்த்துவிட்டு உதவிக்கு வரும் பெண் இது என்ன மந்திரம் என்றாள். ஸ்டிக்கி கீஸை ஆம் என்று விட்டிருக்கிறேன்.

ஐயா, இன்னொன்று கேட்க வேண்டும். டப்பாவில் ஒட்டும் லேபிளில் பலகாரப் பெயரைத் தமிழில் அடிக்க ஆசை. மகன் ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் ஒன்றை வைத்துக் கொடுத்தான். கந்தரப்பத்துக்கு எத்தனை ஏ, எங்கே டி எச் என்று ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிப் பார்ப்பதற்குள் அதிரசம் கருகிவிடும். டைப்ரைட்டிங் படித்தவர்களின் தமிழ்ப் பலகையைத்தான் நானும் கற்க வேண்டுமா? லேபிளில் ரூபாய்க் குறியும் வேண்டும்.

தேவகோட்டை டைப்ரைட்டிங் எழுதியது:

வேண்டாம் ஆச்சி. டைப்ரைட்டர்ப் பலகை அதில் ஊறிய எங்களைப் போன்றவர்களுக்கு. புதிதாகத் தொடங்குகிறவருக்குத் தமிழ்99 போதும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட பலகை அது. விண்டோஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து, அதன் கீழ் கீபோர்டாகத் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்தால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு. ஏ தட்டினால் அ, அதன் மேலுள்ள க்யூ தட்டினால் ஆ. எஸ் என்றால் இ, அதன் மேலுள்ள டபிள்யூ ஈ. குறில் நடு வரிசையிலும் நெடில் அதற்கு நேர் மேலும் இருப்பதால் கைக்குச் சீக்கிரம் பிடிபடும். (ஒ, ஓ, ஔ மூன்றும் மட்டும் கீழ் வரிசை.) உங்கள் கந்தரப்பத்தையே எடுத்துக்கொள்வோம்: எச், செமிகோலன், எல், எம், ஜே, ஜே, கே, எஃப். எச் க. செமிகோலன் ந, எல் த. ந வந்து த வந்தால் நடுவில் புள்ளி தானே விழுந்து ந்த ஆகிவிடும். எம் ர. ஜேயை இரண்டு முறை தட்டினால் ப்ப. கடைசி கே ம, அதற்குப் புள்ளி எஃப்.

ரூபாய்க் குறிக்கு, ஆங்கிலத்தில் இந்திய ஆங்கிலக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்திருந்தால் வலப்பக்க ஆல்ட்டுடன் மேல் வரிசை 4. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் திரும்பவும் மாற விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ்.

காரைக்குடி பலகார ஆச்சி எழுதியது:

கந்தரப்பம் வந்துவிட்டது, சீப்புச்சீடையும் வந்துவிட்டது. தேன்குழலில் மட்டும் புள்ளி விழாமல் தேனகுழல் என்று நிற்கிறது. தானே விழும் என்றீர்களே?

தேவகோட்டை டைப்ரைட்டிங் எழுதியது:

ஓரெழுத்து இரட்டிக்கும்போதும், ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்ற இனச் சேர்க்கையிலும்தான் தானாக விழும். ன்னுக்குப் பின் க வருவது அந்தக் கணக்கில் இல்லை. ன அடித்ததும் எஃப் தட்டிவிட்டு கு அடியுங்கள்.