தினமும் ஆண்டவரோடு பேச முடியவில்லை

கேள்வி: எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் நர்ஸ், வாரம் மூன்று நைட் ஷிஃப்ட். ஞாயிறு ஆராதனையில் மனம் உருகுகிறது. புதன்கிழமைக்குள் ஜெபிக்க வார்த்தையே வருவதில்லை. ஓராண்டில் வேதாகமத்தை முடிக்கும் அட்டவணையும் மூன்றாம் புத்தகமான லேவியராகமத்திலேயே நின்றுவிட்டது. நீங்கள் எப்படித் தொடர்கிறீர்கள்?

பதில்: தங்கச்சி, அட்டவணையை இப்போதைக்கு விட்டுவிடும்மா. நான் ஐந்து வருடமாக வேதாகமத்தின் சங்கீதப் புத்தகத்தில் உள்ள 119-ஆம் சங்கீதத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 176 வசனம், 22 பகுதி, ஒவ்வொன்றிலும் எட்டு. ஒரு நாளைக்கு ஒரு பகுதி, வாய்விட்டு வாசிப்பேன். டீ கொதிக்கும் நேரம் போதும். அப்புறம் அதில் ஒரு வசனத்தையே ஜெபமாகச் சொல்லிவிடுவேன். என் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் சொந்தமாக ஒரு வார்த்தைகூட எழும்பவில்லை. "என் ஆத்துமா மண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்ற 25-ஆம் வசனம்தான் அந்த மாதம் முழுக்க என் ஜெபம். ஆண்டவர் கேட்டார்ம்மா, எனக்கு அது தெரியும்.

இன்னொரு பதில்: அதிகாலையில்தான் ஜெபிக்க வேண்டும் என்று வருந்தாதீர்கள், சகோதரி. மாற்கு 1:35-இல் இயேசு இருட்டோடே எழுந்து போகிறார், சரி. லூக்கா 6:12-இல் இராமுழுவதும் ஜெபிக்கிறாரே!

கேட்டவர்: நன்றி அக்கா, நன்றி அண்ணா. இன்று இரவு இரண்டு மணி மருந்து ரவுண்டு முடிந்ததும் முதல் எட்டு வசனம் வாசிக்கிறேன்.