பேக்கப் ஓடும்போது இரண்டு ஹார்டு டிஸ்க் சேர்ந்தே காணாமல் போகிறது: கன்ட்ரோலர் கார்டு போச்சா?

உப்புக்காத்து, காசிமேடு:
பழைய டெஸ்க்டாப்பில் டெபியன் லினக்ஸ் போட்டு வீட்டு சர்வராக ஓட்டுகிறேன். 4 டிபி டிஸ்க் நான்கு. இரண்டு மதர்போர்டிலேயே இருக்கின்றன, மற்ற இரண்டு ஸ்லாட்டில் செருகிய சாட்டா கார்டில் (டிஸ்க்கை இணைக்கும் கன்ட்ரோலர் கார்டு). கார்டில் இருக்கும் இரண்டும் ஒரு மிரர் ஜோடி, ஒன்றில் இருப்பதே மற்றதிலும் இருக்கும். தம்பி எடுக்கும் கல்யாண வீடியோ முழுக்க அதில்தான் இருக்கிறது.

கொஞ்ச நாளாக ராத்திரி பேக்கப் ஓடும்போது அந்த ஜோடி தொங்கிவிடுகிறது. கர்னல் லாகில் (சிஸ்டம் எழுதும் குறிப்பில்) ‘ஹார்டு ரீசெட்டிங் லிங்க்’ என்று வரிசையாக வருகிறது. லிங்க், அதாவது கார்டுக்கும் டிஸ்க்குக்கும் உள்ள இணைப்பின் வேகம் 6.0-லிருந்து 3.0, அப்புறம் 1.5 ஜிபிபிஎஸ் என்று இறங்குகிறது. ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நிலையைத் தானே எண் எண்ணாகக் குறித்து வைப்பது) 5, 197, 198 எல்லாம் பூஜ்யம். 199 மட்டும் ஒரு டிஸ்க்கில் 41, இன்னொன்றில் 0. கடையில் கேட்டால் கார்டு, டிஸ்க் எல்லாத்தையும் மாத்திடுங்க என்கிறார்கள். டிஸ்க் விற்கிற விலையில் அது ஆகிற காரியமா?

வியாசர்பாடி ரூட்:
டிஸ்க் எதையும் வாங்க வேண்டாம் தம்பி. முதலில் முக்கியமான வீடியோக்களை வெளியே ஒரு காப்பி எடுத்து வையுங்கள்.

5, 197, 198 மூன்றும் கெட்டுப்போன இடங்களின் கணக்கு. அவை பூஜ்யம் என்றால் டிஸ்க்கின் தட்டில் கோளாறு இருப்பதாக இதுவரை அறிகுறி இல்லை. 199 என்பது கார்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கேபிளில் சிதைந்துபோன தகவலின் கணக்கு. அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. அந்த 41 எப்போதோ விழுந்ததாக இருக்கலாம். இப்போதும் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

லாகில் இரண்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் விழுகிறதா? அப்படியானால் இரண்டுக்கும் பொதுவானது எது என்று தேட வேண்டும். ஒன்று கார்டு, இன்னொன்று கரண்ட். கார்டைத்தான் எல்லோரும் சந்தேகப்படுவார்கள், லாகில் லிங்க், லிங்க் என்றே வருவதால். 12-ஆம் எண்ணைப் பாருங்கள், பவர் சைக்கிள் கவுண்ட். சர்வரை அணைக்காமலே அது ஏறினால் டிஸ்க்குக்குக் கரண்ட் விட்டு விட்டு வருகிறது என்று அர்த்தம். கார்டு மட்டும் தொங்கினால் அது ஏறாது.

பெரம்பூர் பைட்:
இவ்வளவு எதுக்கு ப்ரோ, என்சிக்யூவை (டிஸ்க் பல வேலைகளை வாங்கி வரிசைப்படுத்திக்கொள்ளும் வசதி) அணைச்சிடுங்க. பூட் வரியில் ஒரு சொல் சேர்த்தால் போதும். எனக்கு அதில்தான் சரியாச்சு.

வியாசர்பாடி ரூட்:
சில டிஸ்க்குக்கும் சில சிப்புக்கும் ஒத்துவராது, அங்கே அது உதவும். இங்கே 12-ஐப் பார்க்காமல் அதைச் செய்தால், டிஸ்க்கின் வேலை கொஞ்சம் மந்தமாகி, கோளாறு தற்காலிகமாகப் பதுங்கிக்கொள்ளும். அப்புறம் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

தேரடி அக்கா, திருவொற்றியூர்:
அந்த இரண்டு டிஸ்க்குக்கும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து (கரண்ட் தரும் பெட்டி) நேராக வயர் வருகிறதா, இல்லை மோலெக்ஸிலிருந்து (பழைய வகை நான்கு பின் கரண்ட் முனை) இரண்டாகப் பிரியும் ஸ்ப்ளிட்டரா? காசிமேடு என்கிறீர்கள், சர்வர் கடல் பக்க ஜன்னலோரம்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் தெருவில் ஸ்விட்ச் போர்டு ஸ்க்ரூவையே உப்புக்காற்று தின்றுவிடும். திறந்து பார்க்கும்போது மெயின் ப்ளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

உப்புக்காத்து:
அக்கா சொன்னது சரி, ஜன்னலோரம்தான். ஸ்ப்ளிட்டர்தான்.

பேக்கப்புக்கு முன் 12-ஆம் எண் ஒரு டிஸ்க்கில் 88, இன்னொன்றில் 90. காலையில் 91, 93. சர்வர் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்தது. மதர்போர்டு டிஸ்க்குகளில் அந்த எண் அசையவே இல்லை. 199-ம் அப்படியே 41.

கழற்றிப் பார்த்தேன். மோலெக்ஸ் முனையில் மஞ்சள் வயர் நுழையும் குழலுக்குள் பச்சையாகக் களிம்பு. அதைச் சுற்றியுள்ள வெள்ளை பிளாஸ்டிக் டீக்கறை மாதிரி பழுத்திருக்கிறது. சிவப்பு வயர் பக்கம் சுத்தமாக இருக்கிறது. களிம்பைச் சுரண்டிவிட்டுப் போட்டால் ஓடுமா?

வியாசர்பாடி ரூட்:
சுரண்டாதீர்கள், தூக்கிப் போடுங்கள். மஞ்சள் 12 வோல்ட், மோட்டார் சுற்றுவதும் தலை நகர்வதும் அதில்தான். 3.5 இன்ச் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது ஒன்றுக்கே 2 ஆம்பியர் வரை இழுக்கும். களிம்பு பிடித்த முனையில் அது சூடாகவும் மாறும். பிளாஸ்டிக் பழுத்தது அதனால்தான்.

எஸ்எம்பிஎஸ்ஸிலேயே சும்மா தொங்கும் சாட்டா பவர் முனை இருந்தால் அதையே போடுங்கள். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் வேறு எஸ்எம்பிஎஸ்ஸின் வயரை எடுத்துச் செருகிவிடாதீர்கள். செருகினால் உட்காரும், ஆனால் உள்ளே பின் வரிசை வேறாக இருக்கலாம், அப்படி இருந்தால் டிஸ்க் அந்த இடத்திலேயே காலி.

தேரடி அக்கா:
ஸ்ப்ளிட்டரே வேண்டும் என்றால் பிளாஸ்டிக்கை வயர் மேலேயே உருக்கி வார்த்த வகையை வாங்காதீர்கள். வயர் ஒவ்வொன்றாகத் தனித்தனிப் பின்னில் அழுத்திப் பிடித்திருக்கும் வகையைக் கேளுங்கள். வார்த்ததில்தான் உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பிடிக்கும். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். அப்படியே 41 காட்டும் டிஸ்க்குக்கு கிளிப் வைத்த டேட்டா கேபிள் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் நீளம் வேண்டாம்.

உப்புக்காத்து:
எஸ்எம்பிஎஸ்ஸில் இரண்டு சாட்டா முனை உள்ள வயர் ஒன்று சும்மாதான் இருந்தது, பின்பக்கம் டை கட்டி மறைத்திருந்தார்கள். இரண்டு டிஸ்க்கையும் அதில் போட்டேன். டேட்டா கேபிளும் மாற்றியாகிவிட்டது. மிரர் செக் முழுக்க ஓடி முடிந்தது. லிங்க் 6.0-லேயே நிற்கிறது, 12 ஏறவில்லை, 199-ம் ஏறவில்லை. கார்டு அதே பழைய கார்டுதான். கேபினட்டுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தால் பிரயோஜனம் உண்டா?

தேரடி அக்கா:
ஃபேன் வெளிக்காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும்போது அந்தப் பொட்டலம் என்ன செய்யும்? பெட்டியை உள் அறைக்கு மாற்றுங்கள்.

வியாசர்பாடி ரூட்:
மாற்றும்போது இன்னொரு வேலையும் இருக்கிறது. மிரரின் இரண்டு பாதியும் ஒரே கார்டில், ஒரே வயரில் இருந்தால் விழும்போது சேர்ந்தேதான் விழும். ஒரு பாதியை மதர்போர்டு பக்கம் கொண்டுபோங்கள். போர்ட் மாறினாலும் லினக்ஸ் டிஸ்க்கை அடையாளம் கண்டு ஜோடி சேர்த்துக்கொள்ளும். எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) மட்டும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று எழுதியிருந்தால் முதலில் அதை யூயூஐடிக்கு (போர்ட் மாறினாலும் மாறாத அடையாள எண்) மாற்றிவிடுங்கள்.