பால் குடுக்குற அம்மாவுக்கு டாக்ஸிசைக்ளின் (டாக்ஸி) மாத்திரை எழுதலாமா? ஓபில உக்காந்துட்டு எங்க தேடுறீங்க?

பிஎச்சி புதுசு:
ஆரம்ப சுகாதார நிலையத்துல (பிஎச்சி) டாக்டரா சேந்து நாலு மாசம்தான் ஆகுது. நேத்து ஒரு அம்மா, டெலிவரி ஆகி 2 மாசம், அஞ்சு நாளா விடாத காய்ச்சல், அக்குள்ல சிகரெட்டால சுட்ட மாதிரி கருப்பா எஸ்கார் (பொருக்குப் புண்ணு). ஸ்க்ரப் டைபஸ்தான் (சின்னப் பூச்சி கடிச்சு வர்ற காய்ச்சல்), டாக்ஸிசைக்ளின்னு எழுதப் போறப்ப கை நின்னுருச்சு. டப்பாக்குள்ள இருக்குற சீட்டுல பால் குடுக்குறவங்களுக்கு வேண்டாம்னு போட்டிருக்கு, கூகுள் பண்ணா மருந்து விக்கிற சைட்டா வருது, எல்லாத்துலயும் கடைசி வரி ‘உங்கள் டாக்டரைக் கேளுங்கள்’. நான்தாங்க அந்த டாக்டர்! சீனியருக்கு போன் போட்டு அதுக்குப் பதிலா அசித்ரோமைசின்ங்கற வேற ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சாச்சு. டாக்டருங்க பாக்குற அப்டுடேட் சைட்டுக்கு காசு கட்ட நமக்குக் கட்டுப்படி ஆகாது, ஃப்ரீயா எது நம்பலாம்?

பார்மசி அக்கா:
லாக்ட்மெட் பாருங்க டாக்டர், பால் குடுக்குறவங்களுக்கு எந்த மருந்து குடுக்கலாம்னு சொல்ற டேட்டாபேஸ், அமெரிக்க அரசோட என்சிபிஐ புக்‌ஷெல்ஃப்ல இருக்கு, லாகின்கூட வேணாம். டாக்ஸி பத்தி தெளிவா போட்டிருக்கும்: பால்ல வர்ற அளவே கம்மி, அதையும் பால்ல இருக்குற கால்சியம் குழந்தைக்கு சேர விடாது, அதனால கொஞ்ச நாள் கோர்ஸ்னா குடுக்கலாம், நீளமாவோ திரும்பத் திரும்பவோ வேணாம். டப்பா சீட்டு கம்பெனிக்காரன் தன் தலை தப்பிக்க எழுதுறது. நிறைய மருந்துக்கு பதில் மருந்து பேரும் கீழயே இருக்கும்.

மெடிசின் பிஜி:
அசித்ரோ தப்பில்ல ப்ரோ. மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரை தேடுற பப்மெட்ல சும்மா ஸ்க்ரப் டைபஸ்னு அடிச்சா கொட்டும், இடது பக்கம் சிஸ்டமேடிக் ரிவ்யூ (பல ஸ்டடியைச் சேத்து அலசுனது), ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட் ரெண்டையும் டிக் பண்ணிட்டுத் தேடுங்க. ஆனா யாரை வச்சு பண்ண ஸ்டடின்னு பாக்காம எதையும் எடுக்காதீங்க. 2023ல என்இஜேஎம் ஜர்னல்ல வந்த நம்ம ஊர் இன்ட்ரெஸ்ட் ட்ரயல்ல டாக்ஸி, அசித்ரோ ரெண்டும் சேத்துக் குடுத்தது தனித்தனியா குடுத்ததைவிட நல்லா வேலை செஞ்சுச்சு, அது ஐவில (நரம்பு வழியா ஏத்துறது), சீரியஸ் கேஸ்ல. முடிவை மட்டும் படிச்சுட்டு நடந்து வர்ற பேஷன்ட்டுக்கு ரெண்டு மாத்திரையும் எழுதுற ஆளை நானே பாத்திருக்கேன் 🤦

ஸ்டாஃப் நர்ஸ்:
ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) ட்ரீட்மென்ட் வொர்க்ஃப்ளோ, அதாவது சிகிச்சை வழிமுறை பிடிஎஃப் இறக்கி வச்சுக்கோங்க சார். ஒரு நோய்க்கு ஒரு ஷீட்டு, டவர் கிடைக்கலேன்னாலும் தொறக்கும். நாங்க லேபர் ரூம்ல பிரிண்ட் எடுத்து ஒட்டிட்டோம்.

பிஎச்சி புதுசு:
லாக்ட்மெட்ல டாக்ஸி, அசித்ரோ ரெண்டும் பாத்துட்டேன், தேங்க்ஸ்க்கா. அந்தம்மாவுக்கு இன்னிக்கு காய்ச்சல் விட்டுருச்சு. மாமியார்தான் பாலை நிறுத்திட்டு பவுடர் குடுக்கவான்னு நின்னாங்க, போன்ல அந்தப் பக்கத்தையே காட்டி வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்.