கை மரத்துப்போன கதை

மாற்றுத்திறனாளிகளுக்கான கருவியைச் செய்யும்போது, அதைப் பயன்படுத்துகிறவர் சொல்வது எவ்வளவு முக்கியம்? மூன்று பேர் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறோம். முதலில் நான்: எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. முப்பது வருடமாக வெண்கோல்தான் துணை. மாணவர்கள் சிலர் தாங்கள் செய்த மின்னணுக் கோலைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார்கள். எதிரே எது இருந்தாலும் கீச்சிட்டது: சுவர், கம்பம், கொண்டுவந்த பையன்கூட! தரையில் தட்டும் ஓசை சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்துத்தான் சந்து எங்கே திறக்கிறது என்று கண்டுபிடிப்பேன். கீச்சில் அது அமுங்கிப்போனது.

சொன்னேன். ஒலியை எடுத்துவிட்டுக் கைப்பிடியில் அதிர்வு வைத்தார்கள். இப்போது கை மரத்துப்போனது. தரை சிமென்டா, மண்ணா, படியின் விளிம்பா என்று கோலின் நுனி சொல்வதும் அதே கை வழியாகத்தானே? மூன்றாவது தடவைதான், "கோல் எதைச் சொல்லாது?" என்று கேட்டார்கள். தலை உயரத்தில் நீட்டிக்கொண்டிருப்பதை என்றேன். திறந்த ஜன்னல் கதவு, தாழ்ந்த கிளை. அதற்கு மட்டும் கட்டைவிரலில் சின்னதாக ஒரு துடிப்பு. சரி, இது உதவுகிறது. (மழையில் படுத்துவிடும், அது வேறு விஷயம்.)

இது புதிதல்ல. பிரான்சில் சார்லஸ் பார்பியே என்பவர் செய்த, தடவிப் படிக்கும் 12 புள்ளி எழுத்து ஒரு விரல்நுனிக்குள் அடங்கவில்லை. 1824இல், 15 வயதில், பார்வையற்ற லூயி பிரெயில் அதை 6 புள்ளியாக்கினார். தடவிப் படிக்கிற விரல் அவருடையது.

* * *

அண்ணா, உங்கள் கோலைப் போலத்தான் என் கதையும். என் சக்கர நாற்காலியின் பின்னால் இரண்டு கைப்பிடி இருந்தது. முன்பின் தெரியாதவர்கள் கேட்காமலே பிடித்துத் தள்ளுவார்கள். அறுத்து எடுக்கச் சொன்னேன். "அப்புறம் உங்களை யார் தள்ளுவது?" என்றார் கடைக்காரர். நான்தான்! கைதாங்கியையும் கழற்றிவிட்டேன், மேசைக்கு அடியில் போகவிடாமல் இடித்தது.

சுரங்கப் பொறியாளர் ஹெர்பர்ட் எவரெஸ்டும் விபத்தில் முதுகு உடைந்து நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். 1930களில் நண்பர் ஹாரி ஜென்னிங்ஸோடு சேர்ந்து, மடக்கிக் காரில் ஏற்றுகிற நாற்காலியைச் செய்தார்.

* * *

நீங்கள் இருவரும் சொன்னது சரி. ஆனால், நம் அனுபவமும் சில சமயம் காலை வாரும். எனக்கு இடது கையில் பலமில்லை. ஒற்றைக் கையால் பாட்டில் திறக்க நானே ஒரு கருவி செய்து, கைநடுக்கம் உள்ள நண்பரிடம் பெருமையாகக் கொடுத்தேன். வழுக்கிக் கீழே விழுந்தது. பிடி வழவழப்பாக இருக்கட்டும் என்று தேய்த்துத் தேய்த்து வைத்ததே நான்தான். இப்போது சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றியிருக்கிறேன். கனமாக இருந்தால் கை ஆடாது என்கிறார் அவர். எனக்கோ கனம் ஆகாது. ஆளுக்கு ஒன்றாக இரண்டு செய்துகொண்டிருக்கிறேன்.