அவசரம்: சாம்பிளில் பிளேக் கிருமி காட்டுகிறது, யாராவது இருக்கீங்களா?

குளிர்_கோத்தகிரி:
எம்.எஸ்ஸி. பிராஜெக்ட். சாம்பிளில் உள்ள டிஎன்ஏ துண்டுகள் எந்த உயிரினத்துடையவை என்று சொல்லும் கிராக்கன் மென்பொருளை ஓட்டினேன், ரிப்போர்ட்டில் யெர்சினியா பெஸ்டிஸ், அதாவது பிளேக் கிருமி, என்று வந்திருக்கிறது. சில ரீடுகளை (கருவி படித்த டிஎன்ஏ துண்டுகள்) எடுத்து, டிஎன்ஏவை ஒப்பிடும் பிளாஸ்டில் போட்டுப் பார்த்தால் பிளேக் கிருமியின் பிளா மரபணு இருக்கிற குட்டிப் பிளாஸ்மிடையே (குரோமோசோமுக்கு வெளியே இருக்கும் வளைய டிஎன்ஏ) காட்டுகிறது. நாளைக் காலை கைடிடம் கொடுக்க வேண்டும். சுகாதாரத் துறைக்குச் சொல்லணுமா? நான் கையுறைகூடப் போடாமல்தான் எடுத்தேன்.

லேப்_அக்கா:
தம்பி, என்ன சாம்பிள்? மண்ணா, தண்ணியா, எலியா? மொத்தம் எத்தனை ரீட், அதில் பெஸ்டிஸ் எத்தனை? எந்த டேட்டாபேஸ்?

எலிவால்:
நான் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில் சும்மாவா கட்டினார்கள்? 1994இல் சூரத், 2002இல் இமாச்சல். காட்டெலிகளுக்குள் கிருமி சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். உடனே சொல்லிவிடுங்கள்.

கிட்_கண்ணன்:
ஆய்வக கிட்டில் இருந்த அழுக்குதான். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆருக்கு வாங்கும் நொதியை ஈகோலை பாக்டீரியாவில்தான் தயாரிக்கிறார்கள். அதோடு டிஎன்ஏ துண்டும் ஒட்டிக்கொண்டு வரும். வெறும் தண்ணீரை கன்ட்ரோலாக ஓட்டினீர்களா? ஓட்டியிருக்க மாட்டீர்கள்.

பழைய_பெஞ்ச்:
இந்தக் கேள்வி எத்தனையாவது முறை? தேடிப் பார்க்கும் பழக்கமே போய்விட்டது. கிராக்கன் 2இல், எவ்வளவு உறுதி இருந்தால் பெயர் வைக்கலாம் என்கிற கான்ஃபிடன்ஸ் மதிப்பை மாற்றாவிட்டால் அது பூஜ்யம். ஒரு ரீடில் ஓரிரு சிறு துண்டுகள் ஒத்துப்போனாலும் பெயர் வைத்துவிடும். நியூயார்க் சுரங்க ரயிலில் பிளேக் என்று 2015இல் பெரிய ஆட்களே எழுதிவிட்டு, பிறகு திருத்தம் போட்டார்கள். நீங்கள் எம்மாத்திரம்.

குளிர்_கோத்தகிரி:
சாரி, தெரியும் என்று நினைத்தேன். கேரட் கழுவுகிற இடத்துத் தண்ணீர், கேத்தி பக்கம். 3 கோடி ரீடில் 212. டேட்டாபேஸ் 8 ஜிபி மினி, என் லேப்டாப் அவ்வளவுதான் தாங்கும். கன்ட்ரோல் ஓட்டவில்லை.

ஹட்டி_பையன்:
கேரட்டா? இதைப் பேப்பரில் போட்டால் நாளைக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் மூட்டை இறங்குமா? எங்கள் பிழைப்பு அது. யோசித்து எழுதுங்கள்.

எலிவால்:
பிழைப்பு இருக்கட்டும், கழுவின சேற்றுத் தண்ணீர் எந்த ஓடையில் போகிறது என்று சொல்லுங்கள்.

ஹட்டி_பையன்:
எஸ்டேட்டில் அடிக்கிற மருந்து எந்த ஓடையில் போகிறதோ அதில்தான். அதைக் கேட்க ஒருத்தரும் வரமாட்டீர்கள்.

லேப்_அக்கா:
ரெண்டு பேரும் வேறு இழை போட்டுச் சண்டை போடுங்கள்.

தம்பி, 212ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அவை எங்கே விழுகின்றன என்பதுதான் கேள்வி. சிஓ92 என்ற பிளேக் கிருமி வகையின் மரபுத்தொகுதியை இறக்கி, அதில் ரீடுகள் எங்கே பொருந்துகின்றன என்று மேப் செய்யுங்கள். குரோமோசோம் 46 லட்சம் டிஎன்ஏ எழுத்துக்குமேல். கிருமி உண்மையில் இருந்தால் ரீடுகள் தூறல் மாதிரி எங்கும் பரவலாக விழும். ரெண்டு மூன்று இடத்தில் மட்டும் குவிந்தால் அது வேறு யாருடைய டிஎன்ஏவோ.

குட்டிப் பிளாஸ்மிடை நம்பவே நம்பாதீர்கள். அதன் ஒரு பகுதி, மரபணுவைச் சுமக்க ஆய்வகங்களில் பயன்படுத்தும் வெக்டார் டிஎன்ஏக்களோடு ஒத்துப்போகும். கண்ணன் சொன்ன நொதி விஷயம் இங்கேதான் பொருந்துகிறது. பழைய எலும்புகளில் பிளேக் தேடுபவர்கள் அந்தப் பகுதியை மறைத்துவிட்டுத்தான் ஒப்பிடுவார்கள். பிளாவைப் போன்ற மரபணு சிட்ரோபாக்டர் கோசெரி என்ற பாக்டீரியாவிலும் சில ஈகோலையிலும் உண்டு.

கிட்_கண்ணன்:
முதலிலேயே சொன்னேன்.

பழைய_பெஞ்ச்:
பாதிதான் சொன்னீர்கள். யாருக்கும் தோன்றாத விஷயம் இது: கேரட் என்றதுமே யெர்சினியா சூடோடியூபர்குளோசிஸ் என்ற கிருமி ஞாபகம் வர வேண்டாமா? பின்லாந்தில் 2003இல் குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் வைத்த கேரட்டைத் துருவிப் பள்ளிக்கூடத்தில் போட்டு, பிள்ளைகளுக்குக் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்தது. அப்பெண்டிக்ஸ் என்று நினைக்க வைக்கும் வலி. ஃப்ரிட்ஜ் குளிரிலும் பெருகும் கிருமி. பிளேக் கிருமிக்குத் தாய்வழி அதுதான். பாக்டீரியாவை அடையாளம் காணப் பார்க்கும் 16எஸ் என்ற ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுவைப் பார்த்தால் ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

எலிவால்:
அப்படியானால் அதுவும் பிளேக்தானே? பெயர்தான் வேறு.

பழைய_பெஞ்ச்:
இல்லை. 70 ஆயிரம் எழுத்துப் பிளாஸ்மிட் ஒன்று ரெண்டுக்கும் பொது. அதை வைத்துத்தான் கிருமி நம் வெள்ளணுவில் ஊசி குத்துவதுபோலக் குத்தி, யோப் என்ற புரதங்களை உள்ளே இறக்கி அந்த அணுவை முடக்கிப் போடும். பெஸ்டிஸ் கூடுதலாக ரெண்டு பிளாஸ்மிட் வாங்கிக்கொண்டது. பெரியதில் உள்ள ஒய்எம்டி மரபணு இருந்தால்தான் பிளேக்கைப் பரப்பும் தெள்ளுப்பூச்சியின் வயிற்றில் கிருமி பிழைக்கும். சிறியதில் பிளா, ரத்த உறைவைக் கரைத்து உடம்பெங்கும் பரவ வழிவிடும்.

வாங்கியதைவிட இழந்ததுதான் சுவாரசியம். யூரியேஸ் நொதி தெள்ளுப்பூச்சியைக் கொல்லும். பெஸ்டிஸில் அதற்கான மரபணுவில் ஒரே எழுத்து கூடிப்போய் நொதி வேலை செய்யாது. கிருமியைச் சுமக்கும் வாகனமான பூச்சி பிழைத்துக்கொண்டது. ஆர்சிஎஸ்ஏ மரபணுவும் பழுது, அதனால் பூச்சியின் தொண்டையில் பிசின் மாதிரிப் படலம் கட்டி அடைத்துக்கொள்ளும். பசி தாங்காத பூச்சி திரும்பத் திரும்பக் கடிக்கும், கடிக்கும்போது கிருமியைக் கக்கும். குடலில் ஒட்டிக்கொள்ள உதவும் இன்வேசின் புரதத்துக்கான மரபணுவும் உடைந்து கிடக்கிறது. உங்கள் கேரட் கிருமிக்கு இது எதுவும் கிடையாது.

ஹட்டி_பையன்:
தெள்ளு என்றால் நாய்மேல் இருக்கிற உண்ணியா?

லேப்_அக்கா:
இல்லைங்க, உண்ணி வேறு. தெள்ளு குதிக்கும்.

தம்பி, பெரிய பிளாஸ்மிடில் ஒய்எம்டி, கேஃப்1 என்ற ரெண்டு மரபணு இடத்திலும் ரீட் இருக்கிறதா பாருங்கள். அதைப் பார்க்காமல் யாருக்கும் போன் போடாதீர்கள், கைடைத் தவிர.

எலிவால்:
காய்ச்சல் வந்தால் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போங்க தம்பி. மலையில் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் இருக்கிறது.

கிட்_கண்ணன்:
இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

குளிர்_கோத்தகிரி:
பார்த்துவிட்டேன். 171 ரீட், பல பாக்டீரியாக்களில் ஒரே மாதிரி இருக்கும் ரைபோசோம் ஆர்என்ஏ இடத்தில். மீதி குட்டிப் பிளாஸ்மிடில் ஒரே மூலையில். ஒய்எம்டி, கேஃப்1 ரெண்டும் காலி. கரண்ட் போய்விட்டது, மொபைலில் டைப் செய்கிறேன். நன்றி அக்கா.

பழைய_பெஞ்ச்:
அந்த ரிப்போர்ட்டிலேயே சூடோடியூபர்குளோசிஸ் வரியில் எத்தனை ரீட்? முதலில் கேட்டிருக்க வேண்டியது அதுதான்.

லேப்_அக்கா:
தம்பி?

ஹட்டி_பையன்:
எங்கள் கேரட்டைப் பச்சையாகத் தின்னலாமா கூடாதா, அதையாவது யாராவது சொல்லிவிட்டுப் போங்க.